ஆறு ஓட்டில் நின்ற ஆட்சி

"நான் ஒருவன் ஓட்டுப் போடாவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?" தேர்தல் நெருங்கினால் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்கு நல்ல பதில் கரீபியக் கடலில் உள்ள கிரெனடா என்ற குட்டி நாட்டில் இருக்கிறது.

நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்து, 1974இல் சுதந்திரம் பெற்ற நாடு அது. மக்கள் தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். நாடாளுமன்றத்துக்கு மொத்தம் 15 தொகுதிகள். தேர்தல் முறையும் நம்முடையதுதான். ஒரு தொகுதியில் மற்றவர்களைவிட ஓர் ஓட்டு கூடுதலாகப் பெற்றாலும் வெற்றி. பாதிக்கு மேல் வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

1999இல் அங்கே ஒரே கட்சி 15 இடங்களையும் அள்ளியது. 2003இல் அதே கட்சிக்கு 8, எதிர்க்கட்சிக்கு 7. அதிலும் கரியக்கூ தீவுத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 6 ஓட்டு! அது கை மாறியிருந்தால் ஆட்சியே மாறியிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். டத்தோ கிராமாட் சட்டமன்றத் தொகுதி, ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. 1978 முதல் ஜெலுத்தோங்கைத் தன் வசம் வைத்திருந்த கர்ப்பால் சிங், 1999இல் 775 ஓட்டில் தோற்றார்.

2013 பொதுத் தேர்தலில் மக்கள் கூட்டணிக்கு ஏறக்குறைய 51 விழுக்காட்டு ஓட்டு, ஆனால் 89 இடங்கள். தேசிய முன்னணிக்கு 47 விழுக்காடுதான், ஆனால் 133 இடங்கள். ஆகவே, பொதுத் தேர்தல் என்பது நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் அல்ல. 222 தனித்தனித் தேர்தல்கள். எத்தனை ஓட்டு என்பதோடு, எந்தத் தொகுதியில் விழுந்த ஓட்டு என்பதும் முக்கியம். கடும் போட்டி உள்ள தொகுதியில் சிறுபான்மையான நம் ஓட்டே முடிவைத் தீர்மானிக்கக் கூடும்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் ஆகிறார்கள். ஆனால் அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்தே தொகுதி முடிவாகிறது. டத்தோ கிராமாட்டிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் குடிபோன பிள்ளைகள் அட்டையில் முகவரியை மாற்றிவிட்டு, தேர்தல் ஆணையத்திடமும் மாற்றம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் ஓட்டு பழைய தொகுதியிலேயே நிற்கும்.

தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை. இந்த வாரமே வீட்டில் எல்லாருடைய பெயரும் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.