வெந்நீருக்கும் முறை வைத்தாயிற்று

செல்போனைத் தட்டி சுவிட்ச் போடுவது தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நகரத்துக் குளியலறைகளுக்கு வைஃபை சுவிட்ச் வந்து சேர்வதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, ஒரத்தநாடு, திருவையாறு பக்கத்து மோட்டார் கொட்டகைகளில் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், இரண்டு மைல் தள்ளியிருக்கும் போரில் தண்ணீர் கொட்டும். மூன்று பேஸும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது மோட்டாரைக் கிளப்பும். பேஸ் ஒன்று போய்விட்டாலோ, குழாயில் தண்ணீர் ஏறாமல் மோட்டார் சும்மா ஓடினாலோ, தானே நிறுத்திவிட்டுச் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லும்.

வசதிக்காக வாங்கியதில்லை அது. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், ராத்திரியில் மூன்று மணி நேரம் என்று முறை வைத்து வந்த காலம். ராத்திரி முறைக்கு டார்ச் லைட்டும் தடியுமாக வரப்பில் நடக்க வேண்டும். வரப்பு என்றால் எலி வளை, எலி வளை என்றால் பாம்பு. தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும்போது கரண்ட் நின்றிருக்கும். இரண்டு பேஸில் கண்டன்சர் போட்டு ஓட்டிப்பார்த்து மோட்டார் காயிலைக் கருக்கிக்கொண்டவர்களும் உண்டு. 2012-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 17-ல்தான் திறந்தது. சென்னைக்கு வெளியே மின்வெட்டு பத்து மணி நேரத்தையும் தாண்டிய வருஷமும் அதுதான். ஆற்றில் தண்ணீர் இல்லை, கம்பியில் கரண்ட் இல்லை. குறுவையை போர் தண்ணீரை வைத்தாவது காப்பாற்றலாம் என்று டெல்டாவுக்கு மட்டும் 12 மணி நேர மும்முனை மின்சாரம் தருவதாக அரசு அறிவித்தது. அது எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டு கிடப்பதே வீட்டில் ஒருவருக்கு முழுநேர வேலையாயிற்று.

இதே அவஸ்தை மகாராஷ்டிரத்திலும் இருந்தது. ராத்திரியில் மோட்டார் போட வயலுக்கு நடந்த தன் தாத்தாவைப் பார்த்து வளர்ந்த புனே பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், செல்போனால் பம்பை இயக்கும் கருவியைச் செய்து 'நானோ கணேஷ்' என்று பேர் வைத்தார். 2009-ல் நோக்கியா நிறுவனம் உலக அளவில் நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. பிற்பாடு தமிழக வேளாண் பொறியியல் துறையும் இந்த மாதிரிக் கருவிகளுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 7,000 ரூபாய்.

இதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு, ஆட்டோ ஸ்டார்ட்டர். அதற்கு போனும் வேண்டாம், புத்தியும் வேண்டாம். கரண்ட் வந்த மறுகணம் மோட்டாரைக் கிளப்பிவிடும். ஊரில் எல்லோரும் அதை மாட்டிக்கொண்டால், கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்க, டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். தெலங்கானா 2018 ஜனவரியில் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் வேலையாக ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள் என்று விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டது. அங்கே பயம் நிலத்தடி நீரைப் பற்றியது. இலவச மின்சாரத்தில் மறதிக்கு பில் வராது, கிணறுதான் வற்றும்.

வீட்டு ஹீட்டர் விஷயம் நேர்மாறு. அங்கே மறதிக்கு பில் வரும்.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு? எங்கள் தாத்தா தலைமுறைக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. ஆறு ஓடினால் ஆறு, இல்லாவிட்டால் பம்புசெட். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீர் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால், பனி கொட்டும் விடியற்காலையில் அது வெதுவெதுவென்று இருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால், டெல்டாவில் செல்போனால் இயங்கிய முதல் கீசர் மோட்டார் கொட்டகையில்தான் இருந்தது. வெந்நீர் என்பது பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சல்காரருக்கும், எண்ணெய் தேய்த்துக்கொண்ட சனிக்கிழமைக்கும் உரியது. கொல்லையில் தாமிர பாய்லர் இருக்கும். நடுக்குழாயில் கரியும் தென்னை மட்டையும் எரிய, சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும். மட்டை தீர்ந்தால் பாய்லர் அடங்கிவிடும். டைமர் அதற்குள்ளேயே இருந்தது என்று சொல்லலாம்.

இப்போது கொல்லை இல்லை, மட்டை இல்லை, மொட்டைமாடித் தொட்டியில் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தண்ணீர்தான் இருக்கிறது. அதனால் 25 லிட்டர் ஹீட்டர். எங்கள் வீட்டில் அதற்கு வைஃபை டைமர் போட்டு இரண்டு மார்கழி ஆகிறது. காலை நாலே முக்காலுக்கு சுவிட்ச் பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே இருப்பது ஒரு ரிலே, அதை ஆட்டிவைக்க விரல் நகத்தளவு சில்லு. 2014-ல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் மலிவு விலையில் வைஃபை சில்லைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த மாதிரிச் சாமான் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு இறங்கியது. அதே நிறுவனத்துச் சில்லுகள் இன்றும் ஏராளமான சுவிட்சுகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன, மேலே எந்தப் பேர் அச்சடித்திருந்தாலும் சரி.

ஹீட்டருக்கு டைமர் என்பதே குளிர்நாட்டு யோசனை. அங்கே மின்சாரத்தின் விலை மணிக்கு மணி மாறும். பிரிட்டனில் 1978 முதல் 'எகானமி செவன்' என்றொரு கட்டண முறை உண்டு, ராத்திரியில் ஏழு மணி நேரம் மலிவு. அந்த நேரத்தில் பெரிய சிலிண்டரில் தண்ணீரைக் காய்ச்சி மூடிவைத்துக்கொண்டு பகல் முழுக்கச் செலவழிப்பார்கள். நியூசிலாந்தில் மின்நிறுவனமே கம்பி வழியாகச் சமிக்ஞை அனுப்பி, ஊர் முழுக்க உள்ள வெந்நீர்த் தொட்டிகளை நெருக்கடி நேரத்தில் அணைத்துவிடும். இது 1950-களிலிருந்து நடக்கிற ஏற்பாடு, இண்டர்நெட்டுக்கெல்லாம் முந்தியது. நமக்கும் அப்படி ஒன்று வரலாம். நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு மத்திய அரசு 2023-ல் விதி திருத்தியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் அது நடைமுறைக்கு வராதவரை, விடியற்காலை யூனிட்டும் மத்தியான யூனிட்டும் ஒரே விலைதான். ஆகையால் 'ராத்திரியில் போட்டால் மிச்சம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் பில் வேறு விதமான பில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும் விலை. இதில் 500-ஆவது யூனிட்டுக்கு அப்பால் ஒரு பள்ளம் வெட்டிவைத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு 1,725 ரூபாய். 501 எரித்தவருக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய் சலுகை விலை பறிபோய் அந்த நூறு யூனிட்டும் 4.50 ஆகிவிடுவதும், அந்த 501-ஆவது யூனிட்டுக்கே 8 ரூபாய் என்பதும்தான் காரணம். அப்புறம் வந்த உயர்வில் பைசாக்கள் மாறின, பள்ளம் தூர்க்கப்படவில்லை.

ஹீட்டரை நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் என்ன ஆகும்? தெர்மோஸ்டாட் இருப்பதால் அது ஓயாமல் எரிந்துகொண்டிருக்காது. தண்ணீர் ஆற ஆறக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றும். யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும், 25 லிட்டர் தொட்டி ஒரு நாளைக்கு அரை யூனிட் அளவுக்கு இப்படிச் சும்மா தின்னும். ஸ்டார் குறைந்த பழைய தொட்டி என்றால் இன்னும் கூட. இரண்டு மாதத்தில் 30 யூனிட். அந்த 2022 பட்டியல்படி, முந்நூறு யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு அது 135 ரூபாய், போகட்டும் என்று விட்டுவிடலாம். 485-க்கும் 515-க்கும் நடுவே ஊசலாடும் வீட்டுக்கோ அதே 30 யூனிட் 435 ரூபாய். டைமர் யாருக்கு லாபம் என்பதற்கு என் பதில் இவ்வளவுதான்: ஏசி வைத்திருக்கும், ஹீட்டரை அணைக்க மறக்கும், ஐந்நூறின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு. குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற கட்டுப்பாடான குடும்பத்துக்கு இதனால் சல்லிக்காசு மிஞ்சாது. நஷ்டம்கூட வரலாம். ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணத்தில் இரண்டு நாள் தங்கியபோது, பூட்டிய வீட்டில் எங்கள் டைமர் இரண்டு நாளும் தவறாமல் வெந்நீர் போட்டு வைத்திருந்தது.

நேரக் கணக்கிலும் ஒரு பொடி உண்டு. 25 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் வேண்டும். 2,000 வாட் ஹீட்டருக்கு அரை மணி நேர வேலை. அது 230 வோல்ட் வரும் ஊரில். ஹீட்டரின் வாட் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. கடைமடைக் கிராமத்தில், சுற்றுவட்டார மோட்டார் எல்லாம் ஓடும் நேரத்தில் 180 வோல்ட்தான் வருகிறதென்றால், 2,000 வாட் 1,225 ஆகிவிடும். அரை மணி வேலைக்கு முக்கால் மணிக்கும் மேல் பிடிக்கும். சித்தப்பா வீட்டில் நான் மாட்டிக்கொடுத்த டைமர் குறுவை நடவு சமயத்தில் பச்சைத் தண்ணீராகவே கொடுத்தது. "என்னடா, செல்லுல போட்டா சூடு ஏறாதா?" என்றார். குற்றம் செல்லில் இல்லை, சித்தப்பாவின் சொந்த போரும் சேர்ந்து இழுத்த கரண்டில்.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். திரும்ப வந்ததும் தானே எரியுமா, அணைந்தே இருக்குமா, முன்பு இருந்த நிலைக்குப் போகுமா? ஆட்டோ ஸ்டார்ட்டர் கதைதான் இங்கேயும். அணைந்தே இருக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. அதோடு, இந்தச் சுவிட்சுகள் பலவற்றுக்குள் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் மணி மறந்துபோகும். இண்டர்நெட் வந்து சொன்னால்தான் மறுபடி மணி தெரியும். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வாரக்கணக்கில் இருட்டு. அப்படிப்பட்ட ஊரில் மேகத்தில் இருக்கும் ஏதோ ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் வெந்நீர் வரும் என்று வைத்துக்கொள்ள முடியாது. கையால் அமுக்க ஒரு பட்டன் சுவிட்சிலேயே இருந்தாக வேண்டும்.

அந்தப் பட்டனுக்கு எங்கள் வீட்டில் 'முடவன் முழுக்கு' என்று பேர். ஐப்பசி முழுக்க மயிலாடுதுறைக் காவிரியில் துலா நீராடல், மாதக் கடைசியில் கடைமுழுக்கு. நடக்க முடியாத ஒருவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோக, இறைவன் மனமிரங்கி கார்த்திகை முதல் தேதியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பது ஐதிகம். ஐந்தரைக்கு டைமர் அணைந்த பிறகு சாவகாசமாக எழுந்து வருகிற என் மகனுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

ஆம்ப்ஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும், 3,000 வாட் என்றால் 13. கடையில் கிடைக்கும் சின்ன ஸ்மார்ட் பிளக் பல 10 ஆம்ப்ஸ்தான், அதை ஹீட்டரில் மாட்டினால் பிளாஸ்டிக் உருகும் வாசனைதான் வரும். 16 ஆம்ப்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும், எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பெட்டியில் இருக்க வேண்டும். ரிலே பெரும்பாலும் பேஸை மட்டுமே துண்டிக்கும். ஆகவே ஹீட்டரைப் பழுது பார்க்க ஆள் வந்தால் செல்லில் அணைத்துவிட்டு 'பாருங்கள்' என்று சொல்லிவிடக் கூடாது. பழைய இருமுனை சுவிட்சையும் சேர்த்து அணைக்க வேண்டும்.

பங்குனி பாதியிலேயே மொட்டைமாடித் தொட்டி தானே கீசராகிவிடுகிறது. மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடும். வேலையில்லாமல் கிடந்த வைஃபை சுவிட்சைக் கழற்றி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்.பி. மோட்டாருக்கு மாட்டச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஹீட்டர் சாதுவா இழுக்கும். மோட்டார் கிளம்புறப்ப அஞ்சாறு மடங்கு இழுக்கும். இந்த ரிலே ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் செல்லுல எவ்வளவு அமுக்கினாலும் நிக்காது. கான்டாக்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, போட்டுத் தரேன். இல்லேன்னா எங்க அப்பாவோட போர்ல ஒரு பழைய சிம் ஸ்டார்ட்டர் கிடக்கு, அதைக் கொண்டாரட்டுமா?"