நான்கு இடத்தில் வேலை, ஓர் இடத்திலும் உரிமை இல்லை: கொங்கு நாட்டில் துண்டாடப்படும் தலித் உழைப்பு

கோயம்புத்தூர் மாநகரின் உழைக்கும் தலித் குடும்பங்களிடம் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை கிடைப்பது அரிது. விடியற்காலையில் ஒப்பந்தத் தூய்மைப் பணி. பிற்பகலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைத்தல். மாலையில் தெருமுனையில் தள்ளுவண்டிக் கடை. முகூர்த்த நாள்களில் திருமண மண்டபத்தில் இலை எடுத்துக் கூட்டிப் பெருக்கும் வேலை. கல்லூரி செல்லும் பிள்ளைகளோ வார இறுதியில் கேட்டரிங் பரிமாறுகிறார்கள். இரவில் உணவு விநியோகச் செயலிக்காக வண்டி ஓட்டுகிறார்கள்.

இதனைக் கடின உழைப்பென்றும் சுயதொழில் ஊக்கமென்றும் புகழ்வோர் உண்டு. உழைப்பு கடினமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நாள் முழுதும் உழைக்கும் ஒருவர் நோயுற்றால் கூலியும் இல்லை, மருத்துவமும் இல்லை, முதுமையில் ஓய்வூதியமும் இல்லை என்றால் அதற்கான காரணத்தை அவருடைய ஊக்கத்தில் தேட முடியாது. நம் நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் தொழிலாளரை எண்ணுவதில்லை, நிறுவனத்தையே எண்ணுகின்றன. காரணம் அங்கேதான் இருக்கிறது. இந்த எண்ணிக்கை முறை எவ்வாறு இயங்குகிறது, அதன் சுமை ஏன் தலித் மக்கள் மீது மிகுதியாக விழுகிறது, மாற்று வழி உண்டா என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறோம்.

கோவையில் தொடங்கிய காப்பீடு

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அக்காலத்தில்தான், 1943ஆம் ஆண்டில், ஆலைத் தொழிலாளர்களுக்கான உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அதார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவர் அளித்த அறிக்கையே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திற்கு, அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் திட்டத்திற்கு, அடித்தளமானது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய அத்திட்டம், தமிழ்நாட்டில் முதன்முதலாக 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது.

கோவை தேர்ந்தெடுக்கப்பட்டதில் வியப்பில்லை. நூற்பாலைகளின் நகரம் அது. ஓர் ஆலை, ஒரு வாயில், ஒரு வருகைப் பதிவேடு, அதில் நூற்றுக்கணக்கான பெயர்கள். ஒரே முதலாளியிடம் நெடுங்காலம் பணிபுரியும் ஆலைத் தொழிலாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டத்திற்கு இந்நகரம் பொருத்தமாக இருந்தது.

இன்று அந்த வாயில் சுருங்கிவிட்டது. ஆலைகள் பல மூடப்பட்டன. பம்பு, வார்ப்பு, விசைத்தறி, பின்னலாடைத் தொழில்கள் சிறு சிறு ஜாப் ஒர்க் கூடங்களாகப் பரவின. துப்புரவு, காவல், சமையல் போன்ற பணிகள் ஒப்பந்ததாரர்களிடம் சென்றன. வேலை சிதறியது; சட்டமோ இன்னும் பழைய வாயிலிலேயே நின்று ஆளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

10, 20, 5: சட்டத்தின் கணக்கு

இ.எஸ்.ஐ. பொருந்த ஒரு நிறுவனத்தில் 10 பேராவது இருக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி பொருந்த 20 பேர் வேண்டும். பணிக்கொடைக்கும் 10 பேர் என்ற வரம்பு உண்டு. பொதுவாக ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டுப் பணியும் வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த காலப் பணியாளர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்று தளர்த்தியுள்ளன. ஆயினும் 10, 20 என்ற வரம்புகள் அடிப்படையில் தொடர்கின்றன. வீடோ சட்டத்தின் பார்வையில் நிறுவனமே அல்ல. ஆகவே ஐந்து வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஐந்து பேர் கூலி கொடுத்தாலும் சட்டப்படி வேலையளிப்பவர் எவரும் இல்லை.

பகுதி நேரம் வேலை செய்வதால் உரிமை போய்விடுவதாகப் பலர் கருதுகிறார்கள். அது உண்மையன்று. காப்பீட்டுச் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில் பகுதி நேரப் பணியாளருக்கும் தற்காலிகப் பணியாளருக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. உரிமையைப் பறிப்பது நேரக் குறைவன்று. கூலி தருவோர் ஒவ்வொருவரும் வரம்புக்குக் கீழே இருப்பதும், வரம்புக்கு மேலே இருப்போர் பதிவேட்டில் பெயர் ஏற்றாமல் மறைப்பதுமே ஆகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீட்டு வேலை, அலுவலகத் துப்புரவு, மண்டப வேலை ஆகிய மூன்றிலுமாக ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டுகிறார் என்று கொள்வோம். இதே தொகையை அவர் சட்டம் பொருந்தும் ஒரே நிறுவனத்தில் ஈட்டியிருந்தால், அந்நிறுவனம் தன் பங்காக இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு வீதம் மாதம் 487.50 ரூபாயும், வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு வீதம் 1,800 ரூபாயும் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை ஏறத்தாழ 8,650 ரூபாய் சேரும். மூன்றையும் கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 36,000 ரூபாய். இரண்டு மாத ஊதியத்தைவிட மிகுதியான இத்தொகை எங்கே போகிறது? கூலி கொடுத்த மூவரின் பையிலேயே தங்கிவிடுகிறது. துண்டு வேலை மலிவாக இருப்பதன் மறைபொருள் இதுவே.

சாதி எங்கே வருகிறது?

துண்டு வேலை எல்லாச் சாதியினருக்கும் உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். உண்டுதான். ஆனால் எந்தத் துண்டு யாருக்கு என்பதைச் சந்தை மட்டும் முடிவு செய்வதில்லை. கொங்கு மாவட்டங்களில் துப்புரவுப் பணி அருந்ததியர் மக்கள் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது. மாநகராட்சிப் பணி நிரந்தரமாக இருந்தவரை, இழிவு சுமத்தப்பட்ட அவ்வேலையிலும் ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் என்ற ஒரு பிடிமானமாவது இருந்தது. பணி ஒப்பந்தமானபோது சாதி அப்படியே நீடித்தது. பிடிமானம் மட்டும் அகற்றப்பட்டது.

2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் பணி நிரந்தரத்தையும் உரிய கூலியையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து நாள்கணக்கில் அமர்ந்திருந்தனர்; 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. இரு போராட்டங்களிலும் கேள்வி ஒன்றே: நகரைத் தூய்மையாக்கும் உழைப்புக்குப் பொறுப்பேற்கும் வேலையளிப்பவர் யார்?

இதில் இட ஒதுக்கீட்டுக்கும் ஓர் இழப்பு உண்டு. 2009ஆம் ஆண்டின் சட்டம் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீட்டுக் கொள்கையை உறுதி செய்தது. ஆனால் ஒப்பந்ததாரரின் ஆள்சேர்ப்பில் அந்த 3 விழுக்காடு இல்லை. அரசுப் பணியிடம் ஒப்பந்தத்திற்குப் போகும் ஒவ்வொரு முறையும், நீதிமன்றம் வரை சென்று வென்ற உரிமை ஓசையின்றிக் கரைகிறது.

தள்ளுவண்டியும் தொழில் முனைவும்

கூலி போதாதபோது குடும்பங்கள் சிறுகடையை நாடுகின்றன. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பும் விற்பனைச் சான்றிதழும் முடியும்வரை எவரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும், அவர்களுள் பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. 2020இல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் தந்தது. கடன் தேவைதான். ஆனால் கடனை வண்டிக்காரர் காய்ச்சலில் படுத்தாலும் கட்ட வேண்டும். காப்பீடோ அப்போதுதான் கைகொடுக்கும். நம் மக்களுக்கு முன்னது எளிதாகவும் பின்னது அரிதாகவும் கிடைக்கிறது.

மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் அளிக்கிறது. திட்ட அறிக்கையும் வங்கியின் ஒப்புதலும் பெறக்கூடியவருக்கு அது நல்ல வாய்ப்பு. மாலை நேரத் தள்ளுவண்டிக்கு அந்தக் கதவு உயரமானது. மேலும், உணவுத் தொழிலில் சாதி நேரடியாகவே குறுக்கிடுகிறது. 2018இல் அவிநாசி அருகே அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைப்பதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். அரசு ஊழியருக்கே அந்நிலை என்றால், சொந்த ஊரில் இட்லிக் கடை போட நினைப்பவரின் நிலையை விளக்கத் தேவையில்லை.

நல வாரியங்கள்: பாதி வழி

தமிழ்நாடு இத்துறையில் முன்னோடி மாநிலம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994இல் கட்டுமானத் தொழிலாளருக்கும், 2007இல் வீட்டுப் பணியாளருக்கும் தூய்மைப் பணியாளருக்கும், 2023இல் செயலி சார்ந்த கிக் தொழிலாளருக்கும் வாரியங்கள் அமைந்தன. கல்வி, மகப்பேறு, இறப்பு உதவிகளும் சிறு ஓய்வூதியமும் அவற்றின் வழியாகக் கிடைக்கின்றன.

ஆயினும் இவை உதவித்தொகைகள். கூலி தருபவரின் பொறுப்பு இதில் பெரும்பாலும் இல்லை. கட்டுமான வாரியம் மட்டும் வலுவாக நிற்பதற்குக் காரணம் உண்டு. கட்டட மதிப்பில் 1 விழுக்காடு நல வரியாக அதற்கு வந்து சேர்கிறது. கொத்தனார் இந்த மாதம் யாரிடம் வேலை செய்கிறார் என்பது அங்கே பொருட்டன்று. தொழிலே நிதி தருகிறது. வீட்டு வேலை வாரியத்திற்கு அத்தகைய நிதிவழி அமைக்கப்படவில்லை. தொழிலாளரை ஏதேனும் ஒரு தொழிலின் பெயரில் அடைக்கும் வாரிய முறை, காலையில் தூய்மைப் பணியாளராகவும் மாலையில் வியாபாரியாகவும் இருப்பவரின் முழு உழைப்பையும் காண்பதும் இல்லை.

முழு வழிக்கு முன்மாதிரி மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் மாத்தாடி சட்டம் சுமை தூக்கும் தொழிலாளர்களுக்காக இயற்றப்பட்டது. அவர்களும் ஒரே நாளில் பல வணிகர்களிடம் வேலை செய்பவர்களே. அச்சட்டப்படி தொழிலாளர் வாரியத்தில் பதிவு பெறுகிறார். வணிகர் கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் செலுத்துகிறார். வாரியம் கூலியை வழங்குவதோடு வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ், விடுப்பு ஊதியம் ஆகியவற்றையும் கணக்கிட்டுத் தருகிறது. பத்து பேரிடம் வேலை செய்தாலும் உரிமைக் கணக்கு ஒன்றே. நான்கு இடத்தில் வேலை செய்பவருக்கு உரிமை தர இயலாது என்ற வாதத்திற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ., வைப்பு நிதிப் பங்கை ஒப்பந்ததாரர் செலுத்தாவிடில் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு. அது மாநகராட்சியாயினும் ஆலையாயினும் கல்லூரியாயினும் சரி. ஆகவே சேரிகளிலும் குடியிருப்புகளிலும் முகாம் அமைத்து, ஒவ்வொருவரின் இ.எஸ்.ஐ. எண்ணையும் வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண்ணையும் சரிபார்த்து, பிடித்த தொகை கட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பது மாணவர்கள் உடனே செய்யக்கூடிய பணி. ஒப்பந்ததாரர் மாறும்போது புதிய கணக்கு தொடங்காமல் பழைய யு.ஏ.என். எண்ணே தொடர வேண்டும். இன்றேல் ஓய்வூதியத்திற்கான 10 ஆண்டுப் பணிக்காலம் கணக்கில் வராமல் போகும். நகர விற்பனைக் குழுவில் தலித் வியாபாரிகள் எத்தனை பேர் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தங்கள் கல்லூரியின் துப்புரவுப் பணியாளர்கள் எந்த ஒப்பந்தத்தின்கீழ் இருக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்தே மாணவர்கள் தொடங்கலாம்.

அதற்கப்பால் நம் கோரிக்கை தெளிவானது. உரிமை நிறுவனத்தின் அளவைப் பொறுத்தன்று, தொழிலாளரின் உழைப்பைப் பொறுத்து அமைய வேண்டும். கூலி கொடுக்கும் ஒவ்வொருவரும், அது ஒரு மணி நேர வேலையாயினும், அந்த மணிக்குரிய பங்கைத் தொழிலாளரின் ஒரே கணக்கில் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதலில் வந்த நகரத்திலிருந்தே இக்கோரிக்கை எழுவது பொருத்தமானது. அன்று ஆலை வாயிலுக்குள் நின்றவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, இன்று நான்கு வாயில்களில் உழைப்பவருக்கும் கிடைத்தாக வேண்டும்.