விமானப்படையின் உக்கிராணத்துக்கு ஓர் அதிகாரி

2013 ஜூன் மாதம் உத்தராகண்டில் பேய்மழை கொட்டியது. கேதார்நாத் பள்ளத்தாக்கில் சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கான யாத்ரீகர்கள் மலையிடுக்குகளில் சிக்கிக்கொண்டார்கள். மீட்கப் போன விமானப்படைக்கு அங்கே ஒரு பெரிய சிக்கல் காத்திருந்தது. ஹெலிகாப்டர்கள் இருந்தன, விமானிகள் இருந்தார்கள். எரிபொருள்தான் தொலைவில் இருந்தது. ஒவ்வொரு நடைக்கும் சமவெளிக்கு இறங்கி நிரப்பிக்கொண்டு திரும்புவதென்றால் பகல் பொழுதில் பாதி அதிலேயே போய்விடும். ஆகவே சி-130ஜே என்னும் பெரிய சரக்கு விமானத்தை உத்தரகாசி மாவட்டத்துத் தாராசு என்ற இடத்தின் குட்டையான ஓடுபாதையில் இறக்கினார்கள். அதன் டேங்கில் இருந்த எரிபொருளையே பௌசர் என்னும் எரிபொருள் வண்டிக்கு மாற்றி, அங்கிருந்து ஹெலிகாப்டர்களுக்கு ஊற்றினார்கள். மீட்புப் பணி வேகம் பிடித்தது.

நாடு விமானிகளைக் கொண்டாடியது. நியாயம்தான், அந்தப் பணியின்போது ஹெலிகாப்டர் ஒன்று நொறுங்கி 20 பேர் உயிர்விட்டார்கள். அதே சமயம், எந்த இடத்தில் எத்தனை லிட்டர் வேண்டும், அதை எந்த வழியில் கொண்டு சேர்ப்பது, நாளைக்கு எவ்வளவு கையிருப்பு வைப்பது என்று கணக்குப் போட்டவர்களும் அந்தப் படையில்தான் இருந்தார்கள். இந்தக் கணக்கையே தொழிலாகக் கொண்ட பிரிவுக்கு லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர். இதில் அதிகாரியாகச் சேர பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி., எதுவானாலும் 60 சதவீத மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றிருந்தால் போதும். நம் கலை, அறிவியல் கல்லூரிகளில் இந்த வாய்ப்பைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை என்பது பெரிய குறை.

கல்யாண வீட்டில் பந்தியில் நிற்பவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள்; உக்கிராணத்துச் சாவியை இடுப்பில் செருகியவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் ஒரு படி அரிசி குறைத்துக் கணக்குப் போட்டாலும் மூன்றாம் பந்தி நின்றுவிடும். விமானப்படைத் தளத்தில் அந்தச் சாவி லாஜிஸ்டிக்ஸ் அதிகாரியிடம் இருக்கிறது. விமான எரிபொருள், உதிரிபாகங்கள், டயர், கருவிகள், வீரர்களின் சீருடை, ரேஷன் என எதுவானாலும் வாங்குவது, பத்திரப்படுத்துவது, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்கு அனுப்புவது, கணக்குக் காட்டுவது எல்லாம் அந்தப் பிரிவின் பொறுப்பு.

இது சாதாரண ஸ்டோர் வேலை அல்ல என்பதற்கு நம் விமானப்படையின் அமைப்பே காரணம். ரஷ்ய வடிவமைப்பான சுகோய்-30, பிரான்சின் ரஃபேல், மிராஜ், அமெரிக்காவின் சி-17, அப்பாச்சி, சினூக், பிரிட்டனின் ஹாக், சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ், உள்நாட்டுத் தேஜஸ் எல்லாம் ஒரே படையில் பறக்கின்றன. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனி உற்பத்தியாளர், தனி ஒப்பந்தம், தனிக் காத்திருப்புக் காலம். ஒரு சின்ன வால்வு வராததால் பல நூறு கோடி ரூபாய் விமானம் ஹேங்கரிலேயே நிற்கக்கூடும். அப்படி நிற்கும் விமானத்துக்கான அவசரக் கோரிக்கையை ‘ஏஓஜி’ என்பார்கள். அந்த மூன்றெழுத்தோடு ஒரு தாள் மேசைக்கு வந்தால் மற்ற வேலைகள் காத்திருக்க வேண்டியதுதான்.

உலக அரசியலும் இந்த மேசைக்கு நேரடியாக வந்து சேரும். ஏஎன்-32 சரக்கு விமானங்களைப் புதுப்பிக்க 2009-ல் உக்ரைனோடு இந்தியா ஒப்பந்தம் செய்தது. 2014-ல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இடையே உறவு முறிந்தபோது அந்தப் பணி தடைப்பட்டது. எங்கோ நடக்கும் சண்டை இங்கே ஒரு விமானத்தின் உதிரிபாக இருப்பைக் குறைக்கிறது. அதை முன்கூட்டியே யோசித்து மாற்று வழி தேடுவதற்குத்தான் அதிகாரி தேவைப்படுகிறார். பேரேட்டில் எழுதுவதற்கு மட்டுமென்றால் கணினியே போதும். அந்தக் கணினி அமைப்பும் இருக்கிறது. ஐம்மால்ஸ் என்ற பெயரில் விமானப்படையின் சரக்குக் கணக்கு முழுவதும் ஆன்லைனில் ஓடுகிறது.

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின்போது, சி-17 விமானம் சிங்கப்பூரிலிருந்து நான்கு காலி ஆக்ஸிஜன் கன்டெய்னர்களை மேற்கு வங்கத்தின் பனாகர் தளத்துக்குக் கொண்டுவந்தது. காலியாக எதற்கு என்று பலர் கேட்டார்கள். திரவ ஆக்ஸிஜன் நிரப்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. அதனால் காலி டேங்கர்களை ஆக்ஸிஜன் ஆலைகளுக்கு அருகில் விமானத்தில் கொண்டுசேர்த்து, நிரப்பியவற்றை ரயிலிலும் சாலையிலும் திருப்பி அனுப்பினார்கள். போகும் வழிப் பயணம் நாள்கணக்கிலிருந்து மணிக்கணக்காகச் சுருங்கியது. எதை வானில் அனுப்புவது, எதைத் தரையில் அனுப்புவது என்று பிரித்துப் பார்த்த அந்த அறிவு எத்தனையோ நோயாளிகளுக்கு மூச்சாக மாறியது. இந்தத் தொழிலின் மதிப்பைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

சரி, எப்படிச் சேர்வது?

பட்டதாரிகளுக்கான வாசல், விமானப்படையின் பொதுச் சேர்க்கைத் தேர்வான அஃப்கேட். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது; அறிவிப்பு வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஆண், பெண் இருவரும் எழுதலாம். லாஜிஸ்டிக்ஸ் உள்ளிட்ட தரைப்பணிப் பிரிவுகளுக்குப் பயிற்சி தொடங்கும் நாளில் வயது 20-லிருந்து 26-க்குள் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் திருமணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அரியர் இருக்கக் கூடாது. பிளஸ் டூ முடித்திருப்பதும், பட்டத்தில் 60 சதவீதமும் கட்டாயம், 59.5 இருந்தால் பரவாயில்லை என்று நம்பி விண்ணப்பிப்பது வீண் வேலை.

எழுத்துத் தேர்வு ஆன்லைனில், இரண்டு மணி நேரம், 100 கேள்விகள், 300 மதிப்பெண். சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 கழியும். பொது அறிவு, ஆங்கிலம், கணக்கு, தர்க்கமும் ராணுவ நாட்டமும் சார்ந்த கேள்விகள் என நான்கு பகுதி. வங்கித் தேர்வுக்கோ எஸ்எஸ்சிக்கோ தயாராகும் ஒருவருக்குக் கணக்கும் தர்க்கமும் புதிதாக இராது. அதே உழைப்பை இங்கும் பயன்படுத்தலாம். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே என்பதால் தமிழ்வழியில் படித்தவர்கள் தினமும் ஓர் ஆங்கில நாளிதழை வாசிக்கும் பழக்கத்தை முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும்.

விண்ணப்பத்தில் பிரிவுகளை விருப்ப வரிசையில் கேட்பார்கள். பலர் இதை அவசரமாக நிரப்பிவிடுகிறார்கள். நிர்வாகம், லாஜிஸ்டிக்ஸ், கணக்கு, கல்வி, வானிலை என ஒவ்வொன்றுக்கும் வேலையின் தன்மை வேறு, கேட்கும் படிப்பும் வேறு. கணக்குப் பிரிவுக்கு வணிகவியல் சார்ந்த படிப்பு வேண்டும். லாஜிஸ்டிக்ஸுக்கும் நிர்வாகத்துக்கும் எந்தப் பாடமும் ஏற்புடையது. பொருள், கணக்கு, ஒப்பந்தம் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர் லாஜிஸ்டிக்ஸை முதலில் எழுதட்டும். ஏன் எழுதினோம் என்பதற்கு நேர்காணலில் விடை சொல்லும்படி எழுதட்டும்.

எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்கு அழைப்பு வருவது விமானப்படைத் தேர்வு வாரியத்திலிருந்து. டேராடூன், மைசூரு, காந்திநகர், வாராணசி, கஞ்சரபாரா ஆகிய ஊர்களில் இந்த வாரியங்கள் இருக்கின்றன. நமக்கு அருகில் இருப்பது மைசூரு. முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தையும் தருகிறார்கள்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் நாளே அறிவுத்திறன் தேர்வும், மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி அதைக் குழுவாக விவாதிக்கும் சோதனையும் நடக்கும். அதில் தேறாதவர்கள் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். தேறியவர்களுக்கு அடுத்து உளவியல் தேர்வு. 60 சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் 15 நொடிக்குள் மனதில் தோன்றுவதை எழுத வேண்டும். 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். பிறகு திறந்த வெளியில் பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துத் தடைகளைக் கடக்கச் சொல்லும் குழுப் பணிகள், நீண்ட நேர்காணல், கடைசி நாளில் எல்லாத் தேர்வாளர்களும் அமர்ந்திருக்கும் கூட்டம்.

மனப்பாடம் செய்த கதைகள் இங்கே உதவாது. மூன்று வெவ்வேறு தேர்வாளர்கள், எழுத்தில் ஒருவர், களத்தில் ஒருவர், நேரில் ஒருவர் என்று தனித்தனியாகப் பார்த்துக் கடைசியில் ஒப்பிடுகிறார்கள். எழுத்தில் தைரியசாலியாகவும் களத்தில் ஒதுங்கி நிற்பவராகவும் இருந்தால் அது வெளிப்பட்டுவிடும். குழுவில் மற்றவர் யோசனையைக் கேட்பவரா, தன் யோசனை தோற்றபின்னும் கயிற்றைப் பிடித்து இழுப்பவரா என்று கவனிக்கிறார்கள். ஊர்த் திருவிழாவில் பொறுப்பு எடுத்தவர், கல்லூரி என்எஸ்எஸ் முகாமை நடத்தியவர், அப்பாவின் மளிகைக் கடையில் கொள்முதல் பார்த்தவர் ஆகியோர் தங்கள் அனுபவத்தைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். லாஜிஸ்டிக்ஸ் கேட்பவருக்குக் கடைக் கொள்முதல் அனுபவம் உண்மையான தகுதி. ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். தயங்கித் தயங்கி வாயை மூடிக்கொள்வதுதான் தோல்வி.

வாரியம் பரிந்துரைத்தாலும் வேலை உறுதியாகிவிடாது. பெங்களூரிலோ டெல்லியிலோ மருத்துவப் பரிசோதனை உண்டு. தரைப்பணிக்குப் பார்வை விதிகள் விமானிகளுக்கு உள்ளதைவிடத் தளர்வு; வரம்புக்கு உட்பட்ட கண்ணாடி தடையில்லை. அதன்பின் எழுத்து மதிப்பெண்ணையும் வாரிய மதிப்பெண்ணையும் கூட்டித் தகுதிப் பட்டியல் போட்டு, காலியிடங்களுக்கு ஏற்ப அழைக்கிறார்கள். ஒருமுறை விடுபட்டவர் வயது வரம்புக்குள் இருக்கும்வரை மீண்டும் எழுதலாம்.

பயிற்சி ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில், 52 வாரம். பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடித்ததும் ஃப்ளையிங் ஆபீசர் பதவி. அதே அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவச் சேவை ஊதியம் 15,500, அகவிலைப்படி முதலியவை சேரும். தரைப்பணி அதிகாரிகளுக்கான தொழில்முறைப் பயிற்சிகள் நடக்கும் விமானப்படை நிர்வாகக் கல்லூரி நம் கோயம்புத்தூரில், ரெட் ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. ஆவடியில் விமானப்படையின் சரக்குக் கிடங்கும் வாகனங்களைப் பழுதுபார்க்கும் டெப்போவும் இருக்கின்றன. சூலூரில் தேஜஸ் படைப்பிரிவும், தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய்-30 படைப்பிரிவும் நிலைகொண்டுள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு லாஜிஸ்டிக்ஸ் பிரிவு உழைக்கிறது. ஆனால் சொந்த மாநிலத்திலேயே பணி கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. லே, ஜெய்சல்மேர், கார் நிக்கோபார் எல்லாம் வரிசையில் உண்டு.

கார் நிக்கோபாரைச் சொன்னால் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் போகாது. சுனாமி அந்தத் தளத்தைச் சூறையாடியது. விமானப்படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பியவர்களுக்குத் தண்ணீரும் உணவும் மருந்தும் வானிலிருந்துதான் வந்தன. சமாதான காலத்திலும் இந்த வேலை எவ்வளவு கனமானது என்பதற்கு அந்த நாட்கள் சாட்சி.

சேருமுன் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அஃப்கேட் வழியாகத் தரைப்பணிக்கு வருவது குறுகிய காலப் பணி: 10 ஆண்டு, தேவையும் தகுதியும் இருந்தால் மேலும் 4 ஆண்டு நீட்டிப்பு. நிரந்தரப் பணி சிலருக்கே கிடைக்கும். 14 ஆண்டில் வெளியே வருபவருக்கு ஓய்வூதியம் இல்லை. முப்பதுகளின் நடுவில் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கத் தயாராக இருக்க வேண்டும். கொள்முதல், கிடங்கு, ஒப்பந்தம், போக்குவரத்து ஆகியவற்றில் பழகிய ஒருவரைத் துறைமுகங்களும் விமான நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் தேடும் என்பது உண்மை. ஆனாலும் பெற்றோர் இதை அரசு வேலை, ஆயுளுக்கும் நிம்மதி என்று நினைத்துப் பிள்ளையை அனுப்பக் கூடாது. நிரந்தரப் பணியே வேண்டும் என்பவர் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படிக்கும்போதே தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்டிஏ தேர்வைப் பார்க்கலாம். அதிலும் தரைப்பணிக்கு இடங்கள் உண்டு. 2022-ல் தொடங்கிய அக்னிவீர்வாயு வழி, அதிகாரி அல்லாத நிலையில் நான்கு ஆண்டுப் பணி. எந்தத் தொழிலில் போடுவது என்று படையே முடிவு செய்யும், லாஜிஸ்டிக்ஸ் என்று கேட்டு வாங்க முடியாது.

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் தம்பி, தங்கைகள் இப்போதே மூன்று காரியங்களைச் செய்யலாம்: மதிப்பெண் 60-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரியர் இருந்தால் முடித்துவிடுங்கள், தினமும் காலையில் ஓடிப் பழகுங்கள். இறுதியாண்டில் வரும் ஜூன் அல்லது டிசம்பர் அறிவிப்பை விமானப்படையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் பார்த்து, தகுதி விதிகளை முழுவதும் படித்தபின் விண்ணப்பியுங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.