மாத்திரை நஞ்சும் இருதயத் துடிப்பும்

மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்தும் உண்டு. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் முதலிய மாத்திரைகள் 1950-களின் இறுதி தொடங்கி வழக்கிற்கு வந்தவை. மனச்சோர்வுக்கு மட்டுமன்றி, நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் மருத்துவர்கள் இன்றும் இவற்றைச் சிறு அளவில் தருகின்றனர். ஆகவே, பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு வீட்டு மாடத்தில் இம்மாத்திரைகள் இருப்பது வியப்பன்று. அளவோடு உண்டால் நன்மை செய்யும் இம்மருந்து, அளவு மீறினால் இருதயத்தைத் தாக்கும். மிட்டாய் என்றெண்ணிக் குழந்தை விழுங்கினாலும், துயரம் தாளாது பெரியவர் ஒருவர் உட்கொண்டாலும் விளைவு ஒன்றே.

இருதயத்தில் நேர்வது யாது?

இருதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கு மெல்லிய மின்னோட்டமே காரணம். இருதயத் தசையிலுள்ள நுண்ணிய வாயில்களின் வழியே சோடியம் உட்புகும்போது அவ்வோட்டம் பரவுகிறது. ஏரி மதகைத் திறந்தவுடன் வாய்க்காலில் நீர் பாய்வதற்கு இதனை ஒப்பிடலாம். மாத்திரை நஞ்சு அம்மதகுகளை அடைத்துவிடுகிறது. மின்னோட்டம் தாமதிக்கிறது, இரத்த அழுத்தம் தாழ்கிறது, வலிப்பு வருகிறது, துடிப்பின் தாளம் குலைகிறது. இத்தாமதத்தை இ.சி.ஜி. படம் காட்டிவிடும். ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டிய அலை அகன்று தோன்றினால், மருத்துவர் அபாயத்தை உணர்கிறார்.

எளிய மருந்து, அரிய பயன்

இதற்குரிய முதன்மையான மாற்று மருந்து சோடியம் பைகார்பனேட் ஆகும். நம் அடுக்களையிலுள்ள ஆப்ப சோடாவும் இதே பொருள்தான். ஆயினும் வீட்டில் அதனைக் கரைத்துக் குடிப்பதால் பயனில்லை, தீங்கே நேரும். தூய்மை செய்யப்பட்ட மருந்தை, இரத்தத்தின் காரத்தன்மையை அளந்து பார்த்து, இரத்தக் குழாயில் செலுத்த வேண்டும். அது இரத்தத்தில் சோடியத்தைக் கூட்டுகிறது. நஞ்சின் பிடியையும் தளர்த்துகிறது. அடைபட்ட மதகு மீண்டும் திறக்கிறது.

நோயாளி விரைவில் வந்தால், வயிற்றிலுள்ள நஞ்சை ஈர்த்துக்கொள்ள மருத்துவக் கரித்தூள் தருவதுண்டு. மூச்சு தளர்ந்தால் செயற்கைச் சுவாசம் அளிக்கின்றனர். இருதயத் தாளத்தைச் சீராக்கும் மருந்துகளிலும் சில இந்நஞ்சுடன் சேர்ந்து கேடு விளைப்பவை. அவற்றை மருத்துவர் தவிர்ப்பர். நஞ்சு உடலின் தசைகளில் ஊறிவிடுவதால், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரமும் இங்கே உதவுவதில்லை.

நேரமே உயிர்

தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவர் ஓரிரு மணி நேரத்தில் நினைவிழக்கக் கூடும். குறைந்தது ஆறு மணி நேரமாவது மருத்துவமனைக் கண்காணிப்பு வேண்டும். எனவே, 'ஒன்றும் ஆகவில்லையே' என்று காத்திருத்தல் ஆகாது. உப்பு நீரையோ சாணக் கரைசலையோ புகட்டி வாந்தி எடுக்கச் செய்வதும் தவறு. அது மூச்சுக் குழலுக்குள் சென்று உயிரைப் போக்கலாம். மயக்கமுற்றவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். விழுங்கிய நேரத்தையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

இவ்வகையில் புதுச்சேரி வட்டாரத்தார் பேறுபெற்றோர். 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் உள்ளது. கடலூர், விழுப்புரம் பக்கத்து மக்களும் அதனை நாடி வருகின்றனர். தொலைவிலுள்ளோர் முதலில் அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சையைத் தொடங்குவதே நன்று.

போலீசுக்கு அஞ்சித் தயங்குவோர் உளர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதுகிறது. தண்டிக்க வேண்டியவராகக் கருதுவதில்லை. அச்சத்தால் ஒரு மணி நேரம் இழந்தால், ஓர் உயிரையே இழக்க நேரலாம்.

மாத்திரைகளைப் பூட்டி வைப்போம். இதனைப் படித்து அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடவும் வேண்டா. மனம் தளர்ந்தவர் எவரேனும் இருப்பின் அருகமர்ந்து பேசுவோம். 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி உதவியையும் அவருக்குச் சொல்வோம். நஞ்சுக்கு மாற்று மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. அந்நிலை வாராமல் காக்கும் அன்பு நம் வீடுகளிலும் தெருக்களிலும் இருக்க வேண்டும்.