புது பைலட்டுக்கு முதல் ஆஃபர் சின்ன ஏர்லைனில் இருந்தா? கையெழுத்து போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



உத்திரமேரூர் பக்கத்தில் இருந்து நமக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் நகைக் கடன், வீட்டுக் கடன், பிஎஃப் பற்றித்தான். இந்த முறை கேள்வி கொஞ்சம் வேற. "தம்பி பைலட் லைசென்ஸ் வாங்கிட்டான். பெரிய கம்பெனியில் இன்னும் கூப்பிடலை, ஒரு ரீஜனல் ஏர்லைன் கூப்பிடுது. சேரலாமா?"

சேரலாம், தப்பே இல்லை. ஆனா சம்பளத்தைப் பார்க்கும் முன்னாடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "இந்தக் கம்பெனி நாளைக்கே மூடிட்டா, என் கையில் என்ன மிஞ்சும்?" மீதி எல்லாமே இந்த ஒரு கேள்வியில் இருந்துதான் வரும்.

முதலில் கடன் கணக்கு

கோர்ஸுக்கு 60 லட்சம் கல்விக் கடன், வட்டி 11%, 10 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாத இஎம்ஐ சுமார் 82,650 ரூபாய். படிக்கும்போதும் வேலை தேடும்போதும் 2 வருஷம் எதுவும் கட்டவில்லை என்றால், சாதாரண வட்டியிலேயே 13.2 லட்சம் ஏறி, கடன் 73.2 லட்சம் ஆகிவிடும். அப்போ இஎம்ஐ ஒரு லட்சத்தைத் தாண்டும்.

அதனால்தான் "எந்த ஏர்லைனா இருந்தா என்ன, முதல்ல உட்காருவோம்" என்ற அவசரம் வருது. அந்த அவசரம் புரியுது. ஆனா அந்த அவசரத்தில்தான் யாரும் ஆஃபர் லெட்டரை முழுசா படிப்பதில்லை.

இங்கே ஒரு வரி விஷயம். கல்விக் கடன் வட்டிக்கு முழு வரிக் கழிவு உண்டு (80இ என்று கேள்விப்பட்டிருப்பீங்க). பழைய வரி முறையில் மட்டும்தான், அதுவும் 8 வருஷத்துக்குத்தான். கடன் அப்பா பெயரில் மட்டும் இருந்து, இஎம்ஐயை மகன் கட்டினால் மகனுக்கு அந்தக் கழிவு கிடையாது. அப்பாவுக்கு விவசாய வருமானம் மட்டும்தான் என்றால் அவருக்கும் பயன் இல்லை. நகையையோ நிலத்தையோ அடகு வைத்து வாங்கிய சாதாரணக் கடனுக்கும் இது பொருந்தாது. கடன் வாங்கும்போதே படிக்கிறவர் பெயர் கடன்தாரராக இருக்கட்டும்.

வரலாறு என்ன சொல்லுது?

சென்னையில் இருந்து பறந்த சின்ன ஏர்லைன்களைப் பாருங்க. பாரமவுன்ட் 2005-ல் தொடங்கி 2010-ல் நின்றது. ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை. ஏர் பெகாசஸ் 2015-ல் தொடங்கி அடுத்த வருஷமே முடிந்தது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னை–சேலம் விமானம் விட்ட ட்ரூஜெட், 2022-ல் நின்றது. சேலத்துக்கு மறுபடி விமானம் வர 2023 அக்டோபர் ஆனது.

பெரியது என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீங்க. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். ஆக, சின்னதா பெரியதா என்பதைவிட, மூடினால் நமக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் சரியான கேள்வி. அதை நாலு சின்னக் கேள்விகளாகப் பிரிக்கலாம்.

1. எந்த விமானம் ஓட்டப் போறீங்க?

பைலட்டுக்கு ஒவ்வொரு விமான வகைக்கும் தனி டைப் ரேட்டிங் வேண்டும். ஏடிஆர் 72 ரேட்டிங் எடுத்தால், இந்தியாவில் இண்டிகோ, அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அதே விமானம் இருக்கு. எம்ப்ரேயர் என்றால் இங்கே கதவுகள் குறைவு. இப்போது ஸ்டார் ஏர் அதை ஓட்டுது. பாரமவுன்டும் ஏர் கோஸ்டாவும் எம்ப்ரேயர்தான் ஓட்டின என்பதை நினைவில் வையுங்க.

கம்பெனி போனாலும் உங்க லாக்புக்கில் ஏறிய மணி நேரம் போகாது. லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் போதும், கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 வேண்டும். நடுவில் இருக்கும் 1,300 மணி நேரம்தான் உங்க உண்மையான சேமிப்பு. அதனால் இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்க: "இப்போ எத்தனை விமானம் பறக்குது? புது கோ-பைலட் மாசத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறார்?"

2. பாண்டில் என்ன எழுதியிருக்கு?

டைப் ரேட்டிங் செலவு யாருடையது? கம்பெனி கொடுத்தால் பாண்ட் கேட்பார்கள். அந்தத் தொகை மாதாமாதம் குறையுமா, கடைசி நாள் வரை முழுசா நிற்குமா? கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால், சம்பளம் தராமல் விட்டால், பாண்ட் முடியும் என்று எழுத்தில் இருக்கா? வாய்ப்பேச்சு வேண்டாம். பின் தேதி போட்ட செக் கேட்டால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கொடுக்காதீங்க. செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்கு. அப்பாவை ஜாமீன் கையெழுத்து போடச் சொன்னால், அவர் நிலமும் அந்தப் பேப்பருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நோட்டீஸ் காலமும் உங்க ஐடி வேலை மாதிரி இல்லை. டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி கோ-பைலட்டுக்கு 6 மாதம், கமாண்டருக்கு ஒரு வருஷம்.

3. நிச்சயச் சம்பளம் எவ்வளவு?

ஆஃபரில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையில் ஒரு பங்கு பறந்தால்தான் வரும். இரண்டு விமானம் பழுதாகி நின்றால் அந்தப் பங்கும் நிற்கும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் தொகையை மட்டும் எடுத்து, அதில் இஎம்ஐயும் வாடகையும் அடங்குதா என்று பாருங்க. அடங்கவில்லை என்றால், சேரும் முன்பே பேங்கில் பேசி கடன் காலத்தை நீட்டுங்க.

4. கம்பெனி கணக்கு என்ன சொல்லுது?

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்திலேயே ஒரு விதி இருக்கு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஊர்ச்சபைக்கு இருந்த அந்தக் கண்டிப்பு, வேலை தேடும் நமக்கும் வேண்டும்.

எம்சிஏ தளத்தில் சின்னக் கட்டணம் கட்டினால் கம்பெனியின் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். முழுசும் புரியணும்னு இல்லை. ஆடிட்டர் ரிப்போர்ட்டில் மூன்று இடம் போதும்:

- "கோயிங் கன்சர்ன்" என்ற தலைப்பில் ஆடிட்டர் சந்தேகம் சொல்லியிருக்காரா?
- இணைப்பில், பிஎஃப், டிடிஎஸ் பாக்கி 6 மாதத்துக்கு மேல் நிற்குதுன்னு இருக்கா?
- இந்த வருஷமும் போன வருஷமும் ரொக்க நஷ்டமா?

ஊழியர் பிஎஃப் பணத்தையே கட்டாத கம்பெனி, உங்க சம்பளத்தை மட்டும் எப்படி ஒழுங்காகக் கொடுக்கும்? உடான் திட்டத்தில் வரும் அரசு மானியம் ஒரு ரூட்டுக்கு மூன்று வருஷம்தான். அந்த மானியத்தை நம்பியே ஓடுகிற ரூட்கள் எத்தனை என்றும் பாருங்க.

சேர்ந்த பிறகு

மாதாமாதம் பிஎஃப் பாஸ்புக்கையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26ஏஎஸ்-ஐயும் பாருங்க. சம்பளம் தள்ளிப்போவதற்கு முன்னாடியே அங்கே அறிகுறி தெரியலாம். இன்னொரு காரணமும் இருக்கு. கம்பெனி திவாலானால் சம்பள பாக்கிக்கு வரிசையில் நிற்கணும். தொழிலாளர் வகையில் வராத ஊழியர் என்றால், அடமானக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிறகு, அதுவும் 12 மாத பாக்கிக்குத்தான் அந்த இடம். பிஎஃப், கிராஜுவிட்டி நிதியோ அந்த வரிசைக்கு வெளியே பாதுகாக்கப்படுது. ஜெட் ஏர்வேஸ் வழக்கில் பறப்பு நின்று 5 வருஷம் கழித்து, 2024 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொன்னது. இஎம்ஐ அத்தனை வருஷம் காத்திருக்காது.

அதனால் முதல் சம்பளத்தில் இருந்தே 6 மாத இஎம்ஐயைத் தனியா சேருங்க. நம்ம உதாரணத்தில் அது சுமார் 6 லட்சம். ஆர்டி, லிக்விட் ஃபண்ட் எதுவானாலும் சரி. காரும் ஐஃபோனும் அதுக்கு அப்புறம்.

நீங்க பைலட் இல்லையா? ஸ்டார்ட்அப் ஆஃபர் கையில் வைத்திருந்தாலும் இதே நாலு கேள்விதான்: கற்ற வேலை வேறு எங்கே செல்லும், பாண்டில் என்ன இருக்கு, நிச்சயச் சம்பளம் எவ்வளவு, கம்பெனி கணக்கு என்ன சொல்லுது. நாலில் மூன்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாகச் சேருங்க. ஒன்றுக்குக்கூட கிடைக்கவில்லை என்றால், இன்னும் இரண்டு மாதம் காத்திருப்பது அந்த 73 லட்சத்துக்கு முன்னால் பெரிய செலவு இல்லை.