உப்பளமும் கணினியும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, பாலாவி முதலிய இடங்களில், உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி வெயிலிற் காயவிட்டால் உப்பு விளைகிறது. பார்வைக்கு எளிய தொழில்தான். ஆயினும், பல பொருள்கள் கலந்த ஒரு கரைசலிலிருந்து எந்த விளைபொருள், எப்பொழுது, எவ்வளவு வெளிப்படும் என்ற வினா இரசாயனவியலில் எளிதன்று. அதற்கு விடை கூறும் கணினி மென்பொருள்கள் இன்று மாணவர் கைக்கு எட்டியுள்ளன. அவ்விடையை மாணவர் எவ்வாறு ஏற்பது என்பதே சிந்திக்கத்தக்கது.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. குளோரைட்டு 19 கிராம், சோடியம் 11 கிராம், சல்பேற்று 2.7 கிராம், மகனீசியம் 1.3 கிராம், கல்சியமும் பொற்றாசியமும் தனித்தனி 0.4 கிராம் அளவே. நீர் வற்றும்போது முதலிற் படிவது எது? மிகுதியாக உள்ள கறியுப்பே என்று பலரும் சொல்லக்கூடும். அது பிழை. முதலிற் சிறிதளவு கல்சியங் காபனேற்றுப் படிகிறது. நீர் நான்கில் ஒரு பங்களவாகச் சுருங்கும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் கறியுப்புப் பளிங்காகிறது. அளவிற் குறைந்த கல்சியம் முந்துவதற்குக் காரணம், அதன் உப்புகள் நீரில் அரிதாகவே கரைவதாகும்.

உப்பளத்தின் நன்மை தீமை இவ்வரிசையிலேயே தங்கியுள்ளது. ஜிப்சம் படியுமுன் நீரை விளைபாத்திக்கு விட்டால் உப்பு மாசுபடும். நீர் போமே அளவில் 25 பாகையை அண்மித்ததும் உப்பு விளையத் தொடங்கும். 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய கசப்புநீரை வெளியேற்றல் வேண்டும். தவறினால் மகனீசிய உப்புகள் சேர்ந்து, உப்புக் கசந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். பல நாள் உழைப்பு விலைபோகாது.

இவ்வரிசையை 1849இல் உசிக்லியோ என்பவர் மத்தியதரைக் கடல்நீரை வற்றவைத்து அளந்து காட்டினார். இரசாயனவியலுக்கான முதலாவது நோபல் பரிசை 1901இற் பெற்ற வான்ற் ஹொஃவ், ஜெர்மனியின் ஸ்ராஸ்ஃபூர்ட் உப்புப் படிவுகளை விளக்கும் பொருட்டு ஏறத்தாழப் பத்தாண்டுகள் இத்தகைய கரைசல்களை ஆராய்ந்தார். அமெரிக்காவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் 1995இல் வெளியிட்ட ‘ஃபிரீக்-சி’ என்னும் மென்பொருளோ அத்தகைய கணக்கைச் சில கணங்களில் முடித்துவிடுகிறது. இது எவரும் இலவசமாகப் பெறக்கூடியது.

அது செய்வது என்ன? ஒவ்வோர் உப்புக்கும் அதன் அயன்களின் செயற்படு செறிவுகளைப் பெருக்கி, அவ்வுப்பின் கரைதிறன் மாறிலியோடு ஒப்பிடுகிறது. பெருக்கம் மிஞ்சினால் அவ்வுப்புப் படியும் எனக் கொண்டு, அதனைக் கழித்து, மீண்டும் கணக்கிடுகிறது. ஆனால் செறிந்த உவர்நீரில் அயன்கள் தனித்து இயங்குவதில்லை. தலவில திருவிழா நெரிசலில் ஒருவர் தம் விருப்பப்படி நடக்க இயலாதவாறு, அவை ஒன்றையொன்று தடுக்கின்றன. ஐதான நீருக்குரிய சமன்பாடு இங்கே பொருந்தாது. பிற்சர் 1973இல் வகுத்த முறை வேண்டும். எம்முறையைத் தெரிவது என்பது மனிதரின் பொறுப்பு.

அதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. கடல்நீரின் அமைப்பைக் கொடுத்தால், தொலமைற்று என்னும் கல்சிய மகனீசியக் காபனேற்றும் படியவேண்டும் என்று மென்பொருள் காட்டும். உப்புப் பாத்தியிலோ அது அவ்வாறு படிவதில்லை. நிரம்பல் எல்லையிலும் ஆயிரம் மடங்கு மிஞ்சிய கரைசலை 25 பாகை செல்சியசில் 32 ஆண்டுகள் வைத்திருந்தும் தொலமைற்றுத் தோன்றவில்லை என அமெரிக்க ஆய்வாளர் லிண்டன் லாண்ட் 1998இல் எழுதினார். மகனீசிய அயன் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றியிருப்பது ஒரு காரணமெனக் கருதப்படுகிறது. இயலக்கூடிய தாக்கம் வேறு. வேண்டிய காலத்துள் நிகழும் தாக்கம் வேறு. முன்னதைக் கூறும் கணக்கு பின்னதைக் கூறுவதில்லை.

ஆகவே, வகுப்பறையில் மென்பொருளை முதலிற் திறப்பது உகந்ததன்று. மாணவர் தம் எதிர்பார்ப்பைக் காரணத்தோடு எழுதட்டும்; பின்னர் கணினியின் விடையைப் பெறட்டும்; மூன்றாவதாக, ஒரு தட்டில் கடல்நீரை வெயிலில் வைத்துப் படிவதைப் பார்க்கட்டும். மூன்றும் ஒத்தால் அறிவு உறுதிப்படும். மாறுபட்டால், அம்மாறுபாடு ஏன் நேர்ந்தது என்று தேடுவதிலேயே இரசாயனவியல் கற்கப்படுகிறது. புத்தளக் கரையின் மாணவருக்கு இதற்கான ஆய்வுகூடம் தொலைவில் இல்லை; வெயிலும் உவர்நீரும் அவர் ஊரிலேயே உள்ளன.