லெதர் பை தைக்க வீட்டு தையல் மெஷின் போதுமா? காசு போடும் முன் இதை கவனிங்க!

வீட்டில் இருக்கும் தையல் மெஷினிலேயே லெதர் பர்ஸ், பை தைத்து விற்கலாம் என நினைக்கிறீங்களா? மெல்லிய தோல் என்றால் ஓரளவு ஓடும். மடிப்பில் 3, 4 அடுக்கு சேரும்போதுதான் சிக்கல். கீழே உள்ள பல் அடித்தோலை இழுக்கும். மேல்தோல் பிரஷர் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராது.

இதற்குத்தான் 'வாக்கிங் ஃபுட்' மெஷின். மேலே இருக்கும் ஃபுட்டும் சேர்ந்து நடப்பதால் எல்லா அடுக்கும் ஒன்றாக நகரும். மோட்டாரையும் கேட்டு வாங்கணும். கிளட்ச் மோட்டார் மிதித்ததுமே பாயும்; சர்வோவில் வேகத்தை குறைத்து வைக்கலாம். துணியில் தப்பு தையலை பிரித்துவிடலாம், தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். குண்டூசியும் அப்படித்தான், கிளிப் போடுங்க.

நூல் நைலான் அல்லது பாலியஸ்டர். மரப்பட்டை சாற்றில் பதனிட்ட தோல் என்றால், அதிலுள்ள டானின் பருத்தி நூலை நாளடைவில் இற்றுப்போக வைக்கும். ஊசியும் லெதருக்கென்றே வருவதுதான். அதன் முனை தோலை வெட்டிக்கொண்டு இறங்கும்.

மாசம் நாலு பர்ஸ்தான் என்றால் மெஷினே வேண்டாம். குத்தூசி, மெழுகு பூசிய நூல், 2 ஊசி போதும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரு பக்கமிருந்தும் நுழைத்து தைத்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் மொத்தமும் பிரியாது. கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்.

மெஷின்தான் என முடிவு செய்தால், தைக்கப்போற தோல் துண்டையே கடைக்கு எடுத்துட்டுப் போய், 4 மடிப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.